சென்னையில் மைதானம் எப்போது மூடும்?

மே மாதத்தில் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு மெரினாவுக்குப் போய்ப் பாருங்கள். உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடப்பவர்களும் ஓடுபவர்களும் நிறைந்திருப்பார்கள். மணலில் ஒரு பக்கம் கால்பந்து உருளும், இன்னொரு பக்கம் டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடக்கும். அதே நாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் போனால் அந்த மணலில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. ஓர் ஆள் இருக்கமாட்டார். மாலை ஐந்து மணிக்குக் கடற்கரை மறுபடியும் நிறைந்துவிடும்.

வெப்பமண்டல நகரம் ஒன்றில் விளையாட்டு எப்படி நடக்கிறது என்பதை இந்த ஒரு நாளை வைத்தே விளக்கிவிடலாம். இங்கிலாந்தில் செப்டம்பர் முடிந்ததும் கிரிக்கெட் மட்டையைத் துடைத்துப் பரணில் வைத்தால் திரும்ப எடுப்பது ஏப்ரலில்தான். குளிரும் இருட்டும் ஈரமும் சேர்ந்து ஆறு மாதத்துக்கு மைதானத்தைப் பூட்டிவிடுகின்றன. சென்னையில் அப்படிப் பூட்டும் குளிர்காலம் கிடையாது. ஆனாலும் இங்கே மைதானம் மூடத்தான் செய்கிறது. ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் பகல் பத்து மணி வாக்கில் மூடி, நான்கு மணி வாக்கில் திறக்கிறது. அவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் ஓய்வுப் பருவம் நமக்கு நாள்தோறும் நடுப்பகலில் வந்து போகிறது. இதோடு மழைக்காலம் எடுத்துக்கொள்ளும் சில வாரங்களையும் சேர்த்துக்கொண்டால் இந்த நகரத்தின் விளையாட்டு அட்டவணை ஏறக்குறைய முழுவதும் புரிந்துவிடும்.

வெளிச்சத்தின் கணக்கு

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் இருக்கிறது. ஆண்டில் இரண்டு முறை சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். ஜனவரியில் பகல் வெப்பம் சராசரியாக 29 அல்லது 30 டிகிரி செல்சியஸ், மே மாதத்தில் 37, 38 டிகிரி. குளிர்ந்த மாதத்துக்கும் கொதிக்கும் மாதத்துக்கும் இடையே வேறுபாடு இவ்வளவுதான். சென்னையில் ஸ்வெட்டர் வாங்கியவர்கள் அதை எத்தனை நாள் போட்டிருப்பார்கள் என்று கேட்டால் போதும்.

பலரும் கவனிக்காதது பகலின் நீளம். லண்டனில் ஜூன் மாதப் பகல் பதினாறரை மணி நேரம். டிசம்பரில் எட்டு மணி நேரம்கூட இல்லை. சென்னையில் மிக நீண்ட பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, மிகக் குறுகிய பகல் 11 மணி 20 நிமிடத்தை ஒட்டியது. ஆண்டு முழுவதும் வெளிச்சம் நிலையாகக் கிடைக்கிறது, அது வரம்தான். ஆனால் கோடையில் லண்டன்காரர் அலுவலகம் முடிந்து வந்து ஒன்பது மணி வரை இயற்கை வெளிச்சத்தில் ஆடலாம். நமக்கு எந்த மாதமானாலும் ஆறே முக்கால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். அந்தி வெளிச்சமும் அரை மணி நேரத்துக்கு மேல் தங்காது. ஆகவே இங்கே வேலைக்குப் போகிறவர் விளையாட வேண்டுமானால் விடியற்காலையில் எழ வேண்டும், இல்லாவிட்டால் விளக்கு போட்ட இடத்துக்குப் போக வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே இரவு பதினொரு மணிக்கும் விளக்கு எரியும் ஷட்டில் கோர்ட்டுகள் இந்தக் கணக்கில் பிறந்தவை.

மண்பானையும் மனித உடலும்

வெயிலில் விளையாடுவது கடினம் என்று எல்லோருக்கும் தெரியும். ஏன் கடினம் என்பதை மண்பானையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் குளிர்கிறது. மனித உடலும் இதையேதான் செய்கிறது. ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் ஓட்டமாக மாறுவதில்லை. மீதி முக்கால் பங்கும் வெப்பம். அந்த வெப்பத்தை வெளியேற்ற வியர்க்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலை விட்டுப் போகும்.

'ஆவியானால்' என்ற சொல்லில்தான் சென்னையின் சிக்கல் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டைமாடியில் துணி காயாது. பானைத் தண்ணீரும் அவ்வளவாகக் குளிராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கும்போது அது மேலும் ஈரத்தை ஏற்கத் தயங்கும். கடலோர நகரத்தில் இந்த ஈரம் ஆண்டு முழுவதும் உண்டு. அப்போது வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரும் உப்பும் போனதுதான் மிச்சம். டெல்லியின் 40 டிகிரி வறண்ட வெயிலில் தாக்குப்பிடித்த ஆட்டக்காரர் சென்னையின் 35 டிகிரிப் புழுக்கத்தில் துவண்டுவிடுவதற்கு இதுவே காரணம்.

அதனால்தான் விளையாட்டு மருத்துவர்கள் வெறும் வெப்பமானியை நம்புவதில்லை. மூன்று வெப்பமானிகளை வைக்கிறார்கள். ஒன்றின் முனையில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ஒன்று வெயிலில் கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும். ஒன்று சாதாரண நிழல் வெப்பமானி. இறுதிக் கணக்கில் ஈரத்துணி வெப்பமானிக்கு 70 பங்கு, கறுப்புக் கோளத்துக்கு 20 பங்கு, நிழல் வெப்பமானிக்கு 10 பங்கு. நாம் 'இன்று எத்தனை டிகிரி' என்று கேட்டுப் பதறும் எண்ணுக்கு இங்கே பத்தில் ஒரு பங்கு மதிப்புதான். 2014 கால்பந்து உலகக் கோப்பையில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்க வைத்ததும் இந்தக் கூட்டு அளவு 32ஐத் தொட்டபோதுதான்.

உடல் பழகிக்கொள்ளும் என்பது நல்ல செய்தி. பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து வெப்பத்தில் பயிற்சி செய்தால் இரத்தத்தில் நீரின் அளவு கூடுகிறது, வியர்வை விரைவாகத் தொடங்குகிறது, வியர்வையில் போகும் உப்பு குறைகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானத்துக்குப் போகிறவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது. அவர் தன்னை வெளியூர்க்காரராகவே எண்ணிக்கொள்வது நல்லது.

பழகாத உடலுக்கு என்ன நேரும் என்பதற்குச் சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பர் 18 அன்று தொடங்கிய இந்தியா, ஆஸ்திரேலியா டெஸ்ட்டை விடப் பெரிய பாடம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் இளம் வீரர் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கும் மேல் மட்டை பிடித்தார். வாந்தி எடுத்தார், கால்கள் பிடித்துக்கொண்டன, ஓடமுடியாமல் பவுண்டரியாகவே அடிக்க முயன்றார். வெளியேறிவிடலாமா என்று அவர் கேட்டபோது, வெப்பமண்டலக் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கு ஆடிவந்த கேப்டன் ஆலன் பார்டர், அப்படியானால் உறுதியான குயின்ஸ்லாந்துக்காரர் ஒருவரை அடுத்து அழைக்கிறேன் என்ற பொருளில் சீண்டியது கிரிக்கெட் உலகம் முழுவதும் அறிந்த கதை. ஜோன்ஸ் 210 ரன் எடுத்தார். பிறகு மருத்துவமனையில் அவருக்குச் சலைன் ஏற்றினார்கள். அந்த ஆட்டம் இரு அணிகளின் ரன்னும் சமமாகி, டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது 'டை' ஆக முடிந்தது. கம்பளி ஸ்வெட்டர் அணிந்தபடி பந்து வீசிய கிரெக் மாத்யூஸ் அதில் பத்து விக்கெட் எடுத்தார். ஜோன்ஸின் ஆட்டத்தை வீரக் கதையாக மட்டும் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. இன்றைய மருத்துவ அறிவோடு பார்த்தால் அன்று அவர் தன் உயிரோடு விளையாடியிருக்கிறார்.

1997 மே 21 அன்று அதே மைதானத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் 194 ரன் எடுத்தார். ஒருநாள் ஆட்டங்களில் அப்போதைய உலகச் சாதனை. தசைப்பிடிப்பால் தவித்த அவருக்காகப் பெரும்பகுதி நேரம் ஷாகித் அப்ரிடிதான் ஓடினார். கத்திரி வெயில் காலத்தில் சென்னையில் நடந்த ஆட்டம் அது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தச் சாதனையின் முழு எடை தெரியும்.

காற்று திரும்பும் நேரம்

பகலில் தரை விரைவாகச் சூடாகிறது, கடல் மெதுவாகச் சூடாகிறது. தரைக்கு மேல் உள்ள காற்று சூடாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதுதான் கடற்காற்று. சென்னையில் கோடை நாளில் மதியத்தை ஒட்டி இது நுழைந்தால் வெப்பம் ஏறுவது அப்படியே நின்று, சிறிது சிறிதாக இறங்கத் தொடங்கும். வெளி மைதானங்களில் மாலைப் பயிற்சி நான்கு மணிக்கு மேல் தொடங்குவதற்குச் சூரியன் சாய்வது ஒரு காரணம், இந்தக் காற்று மற்றொன்று.

சில நாளில் மேற்குக் காற்று வலுவாக வீசிக் கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். உள்நாட்டின் வெப்பம் முழுவதும் நகரத்தின் மேல் கொட்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, அது மேற்குக் காற்றின் ஆட்சிக்காலம். மேற்கிலிருந்து வரும் காற்றுக்கு நம் பழந்தமிழர் வைத்த பெயர் 'கோடை'. வெயில் காலத்துக்கும் அதே பெயர். கிழக்கே கொண்டல், வடக்கே வாடை, தெற்கே தென்றல். காற்றின் திசையை வைத்தே காலத்தை அறிந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. மைதானப் பராமரிப்பாளர் எவரையும் கேட்டுப் பாருங்கள். இன்றும் அவர் முதலில் பார்ப்பது கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதைத்தான்.

சேப்பாக்கம் அரங்கமே காற்றுக்கு இடம் கொடுத்த கதை. பழைய அரங்கத்தில் கான்கிரீட் கூரையும் பார்வையை மறைக்கும் தூண்களும் இருந்தன. உள்ளே சூடு தேங்கி நிற்கும். 2011இல் புதுப்பித்தபோது இழுத்துக் கட்டிய வெண்துணி போன்ற கூரைகள் வந்தன. பார்வையாளர் மாடங்களுக்கு இடையே இடைவெளி விட்டார்கள். கடற்கரை மிக அருகில் இருக்கிறது. காற்று அந்த இடைவெளிகள் வழியே உள்ளே வருகிறது. கட்டடக்கலை பற்றி அதிகம் தெரியாத எனக்கே மாடத்தில் உட்கார்ந்த முதல் மாலையில் அந்த வேறுபாடு முதுகில் தெரிந்தது.

காற்று சிலருக்குத் துணை, சிலருக்குத் தடை. 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் பாய்மரப் படகுகள் துறைமுகத்திலிருந்து கிளம்புகின்றன. நம்பத்தக்க கடற்காற்றும் உறையாத கடலும் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் பயிற்சிக் களம். பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர். மறுபுறம், இறகுப்பந்தை இந்தக் காற்றில் வெளியே ஆட முடியாது. தமிழ்நாட்டில் பல தலைமுறையாகத் திறந்தவெளியில் ஆடப்பட்டுவந்த பூப்பந்தாட்டத்தில் கம்பளி நூல் சுற்றிய பந்தைப் பயன்படுத்துகிறார்கள். அம்மியையே பறக்கவைக்கும் என்று சொல்லப்படும் ஆடிக் காற்றிலும் அந்தப் பந்து ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கும்.

தையில் தொடங்கும் ஆண்டு

சென்னையின் விளையாட்டு ஆண்டு ஜனவரியில், சரியாகச் சொன்னால் மழை ஓய்ந்து மார்கழிப் பனி விழும்போது, தொடங்குகிறது. பழைய இலக்கணம் முன்பனி என்று பிரித்த காலம். நடுப்பகலிலும் மைதானம் திறந்திருக்கும் சில வாரங்கள் இவை மட்டுமே. அதனால்தான் பொங்கலும் கிரிக்கெட்டும் இங்கே ஒட்டிப் பிறந்தவை போல ஆயின. 1915 முதல் ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் நடந்த பிரெசிடென்சி ஆட்டம் பொங்கலை ஒட்டித்தான் நடந்தது. அது நின்ற பிறகு டெஸ்ட் ஆட்டம் அந்த இடத்தைப் பிடித்தது. 'பொங்கல் டெஸ்ட்' என்ற சொல்லே பிறந்தது. 1975 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளின் வேகத்துக்கு எதிராகக் குண்டப்பா விஸ்வநாத் எடுத்த ஆட்டமிழக்காத 97 ரன்னை இன்றும் சதங்களுக்கு மேலே வைத்துப் பேசுகிறார்கள். 1988 பொங்கலில் அறிமுக ஆட்டத்திலேயே சுழற்பந்து வீச்சாளர் நரேந்திர ஹிர்வானி 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தார்.

ஹிர்வானியின் விக்கெட்டுகளிலும் பருவநிலைக்குப் பங்கு உண்டு. மழை நின்ற பிறகு வெயில் ஆடுகளத்தை நாள்தோறும் உலர்த்துகிறது. களிமண் சுருங்கி வெடிக்கிறது, மேற்பரப்பு பொடிகிறது, பந்து பிடித்துத் திரும்புகிறது. 2001 மார்ச்சில் இங்கே ஹர்பஜன் சிங் ஆஸ்திரேலியாவின் 15 விக்கெட்டைச் சாய்த்தார். வெங்கட்ராகவன் முதல் அஸ்வின் வரை இந்த நகரம் சுழற்பந்து வீச்சாளர்களைக் கொடுத்துக்கொண்டே இருப்பதற்கு நல்ல பயிற்றுநர்களும் கிளப்புகளும் முதற்காரணம் என்பேன். ஆனால் அந்தக் கலையைப் பழக இப்படி வெயில் தின்ற தரை வேண்டும்.

டென்னிஸும் இதே பாடத்தைக் கற்றது. நுங்கம்பாக்கத்தில் ஆடவர் சென்னை ஓபன் 1997இல் தொடங்கியபோது ஏப்ரலில் நடந்தது. பிறகு ஆண்டின் முதல் வாரத்துக்கு மாறியது. ஆஸ்திரேலிய ஓபனுக்கு முன் வெப்பத்தில் ஆடிப் பழக வேண்டிய வீரர்களுக்கு ஜனவரிச் சென்னை அளவாகப் பொருந்தியது. ஸ்டான் வாவ்ரிங்கா நான்கு முறை பட்டம் வென்றார். 2018இல் அந்தப் போட்டி புனேவுக்குப் போனது இன்றும் எனக்கு ஆறாத குறை. சென்னை மாரத்தானும் ஜனவரித் தொடக்கத்தில்தான், அதுவும் விடியற்காலை நான்கு மணி இருட்டில் நேப்பியர் பாலத்தருகே கிளம்புகிறது. முழுத் தொலைவு ஓடுகிறவர் எட்டு மணி வெயிலுக்குள் முடித்துவிட வேண்டும் என்ற கணக்கு.

மாசி, பங்குனி தாண்டியதும் வெயில் ஏறுகிறது. பிறகு வருவதுதான் எனக்கு மனம் ஒப்பாத முரண். ஆண்டில் குழந்தைகள் விளையாட நேரம் கிடைப்பது ஏப்ரல், மே விடுமுறையில். ஆண்டிலேயே விளையாட உகந்ததல்லாத மாதங்களும் இவைதான். கோடைப் பயிற்சி முகாம்கள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்குள் முடிந்தால் சரி. நீச்சல் குளங்கள் மட்டும் நாள் முழுக்க நிரம்பி வழியும். குளிர்நாட்டில் குளத்துநீரைச் சூடாக்க எரிபொருள் செலவு செய்கிறார்கள். 1995 தெற்காசிய விளையாட்டுகளுக்காகக் கட்டிய வேளச்சேரிக் குளத்துக்கு அந்தச் செலவே இல்லை. ஐ.பி.எல். ஆட்டங்கள் பெரும்பாலும் இரவில் நடக்கின்றன. பகல் ஆட்டமாக இருந்தாலும் மதியம் மூன்றரைக்குத்தான் முதல் பந்து.

குதிரைகளுக்கு மனிதர்களைவிட நல்ல ஏற்பாடு இருந்தது. கிண்டியில் பந்தயப் பருவம் குளிர்மாதங்களில்; கோடை வந்தால் குதிரைகளை உதகமண்டலத்துக்கு அழைத்துப் போய் ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே பந்தயம் நடத்துவது பல தலைமுறைகளாக வழக்கமாக இருந்தது. ஆளும் வர்க்கம் மலையேறியபோது அதன் விளையாட்டும் மலையேறியது.

மும்பை நனையும்போது

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை நாட்டின் பெரும்பகுதியை நனைக்கிறது. அப்போது மும்பையில் சேறும் சகதியுமான ஆடுகளத்திலேயே ஆடும் காங்கா லீக் நடக்கும். 1948 முதல் அவர்களுக்கு அது பெருமை. மேற்குத் தொடர்ச்சி மலை மறைத்துக்கொள்வதால் சென்னைக்கு இந்தப் பருவத்தில் மழை குறைவு. வந்தாலும் பெரும்பாலும் மாலையிலோ இரவிலோ இடியோடு வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். காலையில் மைதானம் உலர்ந்துவிடும். இந்தப் புவியியல் நமக்குக் கொடுத்த கொடை புச்சிபாபு கோப்பை. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று போற்றப்படும் புச்சிபாபு நாயுடுவின் பெயரால் ஆகஸ்ட் மாதத்தை ஒட்டி நடக்கும் இந்தப் போட்டிக்கு, தங்கள் ஊரில் மழை பெய்யும் மாநில அணிகள் பருவத்துக்குத் தயாராக வருகின்றன.

ஆகஸ்ட் மாதம் வேறு பலவற்றுக்கும் ஏற்றதாயிற்று. 2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கி நடந்தது. இறுதியில் இந்தியா மலேசியாவை 4-3 என்று வென்றது. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழும் அலைகள் இந்த மாதங்களில் கோவளம், மாமல்லபுரம் கரைகளுக்கு ஒழுங்காக வந்து சேர்வதால் அலைச்சறுக்குப் போட்டிகளும் அப்போதுதான். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்கு சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் நடந்தது. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பலகையில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை எழுத்தில் கொண்டுவர முடியாது. கடல் அவர்களுக்குப் புதிதல்ல, கடலில் விளையாட நேரம் கிடைப்பதுதான் புதிது.

அடைமழை

ஐப்பசி பிறந்தால் காற்று திசை மாறுகிறது. வடகிழக்குப் பருவமழை. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரை விழுந்துவிடும். மற்ற ஊர்கள் வெளியே வந்து ஆடத் தொடங்கும் நேரத்தில் சென்னை தார்ப்பாயை விரிக்கிறது. இந்தியாவின் கிரிக்கெட் பருவம் நாடு முழுவதுக்குமாக வகுக்கப்படுவதால் இந்த மோதல் திரும்பத் திரும்ப நடக்கிறது.

2004 அக்டோபரில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நான்காம் நாள் முடிவில் இந்தியா விக்கெட் இழப்பின்றி 19. வெற்றிக்கு இன்னும் 210 ரன் வேண்டும், சேவாக் களத்தில் இருக்கிறார். ஐந்தாம் நாள் மழையில் ஒரு பந்துகூட வீசப்படவில்லை. அந்தத் தொடரை இந்தியா இழந்தது. சேப்பாக்கத்து ரசிகர்கள் அந்தக் காலைப்பொழுதை இன்னும் மறக்கவில்லை. அடுத்த ஆண்டு டிசம்பரில் மகேந்திரசிங் தோனியின் முதல் டெஸ்ட்டும் இங்கேதான். பெரும்பகுதி மழையில் போய், இந்தியா 167, இலங்கை 4 விக்கெட்டுக்கு 168 என்பதோடு நின்றது.

2015 வெள்ளத்தின்போது நகரமே மூழ்கியிருந்தது. சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி தன் சொந்த மண்ணில் ஆட வேண்டிய இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அரையிறுதியைப் புனேவில் ஆடியது. 3-0 என்று வென்று, பிறகு கோவாவில் இறுதிப் போட்டியையும் வென்று கோப்பையோடு திரும்பியது. மறு ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரத்தின் மரங்களைச் சாய்த்தது. நான்கு நாள் கழித்து இங்கிலாந்துடன் டெஸ்ட் தொடங்க வேண்டும். தட்டுகளில் தணல் பரப்பி ஆடுகளத்துக்கு மேலே பிடித்து உலர்த்தினார்கள் பணியாளர்கள். அந்த ஆடுகளத்தில்தான் கருண் நாயர் 303 ரன் எடுத்தார். அவர் பெயர் சாதனைப் பட்டியலில் இருக்கிறது, தணல் தட்டு பிடித்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. 2023 டிசம்பரில் தீவுத்திடலைச் சுற்றி நடக்கவிருந்த ஃபார்முலா 4 பந்தயத்தை மிக்ஜாம் புயல் தள்ளிவைத்தது. அது கடைசியில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் விளக்கொளியில் இரவுப் பந்தயமாக நடந்தது. ஆகஸ்ட் என்பதும் இரவு என்பதும் இந்த நகரத்துக்கு மிகப் பொருந்திய தேர்வு.

மழை நாட்களில் ஆட்டம் உள்ளே போகிறது. வடசென்னைத் தெருக்களில் கேரம் பலகைக்கு மேலே தொங்கும் குண்டு பல்பு வெளிச்சத்துக்கு மட்டுமல்ல. மழைக்கால ஈரத்தில் பலகை நீரை உறிஞ்சிக் காய்கள் ஓடாமல் ஒட்டும். பல்பின் சூடு பலகையை உலர்வாக வைத்திருக்கும், மேலே தூவும் போரிக் பவுடர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மரிய இருதயம் முதல் 2024 உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வரை உலக சாம்பியன்கள் இந்த நகரத்தில் தோன்றியிருக்கிறார்கள். சதுரங்கத்திலும் சென்னை சிறந்ததற்கு வெயிலும் மழையும் வீட்டுக்குள் அடைத்ததே காரணம் என்று விளக்க யாருக்கும் ஆசை வரும். அதை நான் ஏற்கவில்லை. வெயிலும் மழையும் உள்ள ஊர்கள் உலகில் ஆயிரம் உண்டு. இங்கே இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் மானுவேல் ஆரோன் இருந்தார், சோவியத் உலக சாம்பியன் மிகயில் தால் பெயரில் ஒரு சதுரங்க கிளப் இருந்தது, பிறகு ஆனந்த் வந்தார். பருவநிலை எப்போது, எங்கே ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும். யார் சிறப்பார் என்பதை ஆசிரியர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

நல்ல நேரம் யாருக்கு?

ஆட உகந்த நேரம் ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம்தான் என்றால் அந்த நேரத்துக்கு விலை ஏறிவிடுகிறது. இன்று சென்னையில் செயற்கைப் புல் தரைகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். மாலை ஆறு முதல் பத்து வரை ஒரு கட்டணம், நண்பகலில் பாதிக் கட்டணம் என்பது பழகிப்போன வழக்கம். கையில் பணம் குறைவாக உள்ள பையன்கள் நண்பகலை வாங்குகிறார்கள். செயற்கைப் புல் உண்மைப் புல்லைவிட வெகுவாகச் சூடேறும். புல்லில் உள்ள ஈரம் ஆவியாகித் தரையைக் குளிர்விப்பது போல பிளாஸ்டிக் இழையால் முடியாது. மீண்டும் அதே மண்பானைக் கணக்கு.

நான் படித்த பள்ளியில் எங்கள் வகுப்புக்கு விளையாட்டுப் பாடவேளை மதியம் இரண்டு மணிக்கு இருந்தது. ஒருமுறை ஓட்டப் பயிற்சியில் என் பக்கத்தில் ஓடிய தோழன் மயங்கி விழுந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு போய் வேப்ப மரத்தடியில் கிடத்தியது நினைவிருக்கிறது. மறுவாரமும் பாடவேளை அதே இரண்டு மணிதான். கணிதத்தை இரண்டு மணிக்கும் விளையாட்டைக் காலை முதல் பாடவேளைக்கும் மாற்ற எந்தச் செலவும் ஆகாது. மைதான ஓரத்தில் புங்கமும் வேம்பும் நட ஆகும் செலவு ஒரு கோப்பையின் விலையைவிடக் குறைவு. இதை ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் கேட்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், கேட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

புதிதாகச் சென்னைக்கு வந்து ஓடவோ ஆடவோ தொடங்குகிறவர் டிசம்பர் கடைசியில் தொடங்கினால் உடலுக்கு மூன்று மாதப் பழக்கம் கிடைத்த பிறகு கோடை வரும். மே மாதத்தில்தான் தொடங்க வேண்டும் என்றால் முதல் இரண்டு வாரம் வேகத்தைப் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீரோடு உப்பும் போகிறது என்பதால் உப்புப் போட்ட மோர் கைவசம் இருக்கட்டும். தலைசுற்றி வியர்வை திடீரென நின்றுபோனாலோ பேச்சு குழறினாலோ அது களைப்பல்ல. அவரை உடனே நிழலுக்குக் கொண்டுவந்து உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசிவிட்டு மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். அக்டோபரில் ஒரு நாள் மாலை வாடைக் காற்று முகத்தில் அடித்தால் அடுத்த நாள் மைதானத்துக்குப் போகும் முன் மைதானப் பராமரிப்பாளருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். தார்ப்பாய் விரித்தாயிற்றா இல்லையா என்று அவர் சொல்லிவிடுவார்.